வீட்டுக்கு ஒரு துப்பாக்கி வாங்கலாமா? பூட்டு ஊரிலிருந்து ஒரு பதில்!

இரவு 2 மணி. திண்டுக்கல் - பழநி சாலையில் இருந்து உள்ளே தள்ளி, தோட்டத்துக்கு நடுவே ஒரு வீடு. நாய் விடாமல் குரைக்கிறது. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூருவிலும் வேலையில் இருக்கிறார்கள். வீட்டில் அறுபதைத் தாண்டிய அப்பாவும் அம்மாவும் மட்டும்தான். சத்தம் போட்டால் ஓடிவர பக்கத்தில் வீடு கிடையாது. இப்படி ஒரு ராத்திரியைக் கடந்த குடும்பத்தில் மறுநாள் போனில் எழும் கேள்வி இதுதான்: "பேசாம லைசென்ஸ் எடுத்து ஒரு துப்பாக்கி வெச்சுக்கலாமாப்பா?"

அந்தப் பயத்தை யாரும் கேலி செய்ய முடியாது. 2024 நவம்பரில் பல்லடம் அருகே தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 3 பேர் கொல்லப்பட்டார்கள். அடுத்த 6 மாதத்துக்குள், ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த முதிய தம்பதி கொல்லப்பட்டார்கள். ஒட்டன்சத்திரத்திலும் வேடசந்தூரிலும் இருப்பவர்களுக்கு இவை தூரத்துச் செய்திகள் இல்லை. அதே மாதிரி தோட்டம், அதே மாதிரி தனி வீடு, அதே மாதிரி தனியாக இருக்கும் அப்பா அம்மா.

ஆனால், பயம் நியாயமானது என்பதால் துப்பாக்கி சரியான தீர்வாகிவிடுமா? சட்டம் என்ன சொல்கிறது, நடைமுறை எப்படி இருக்கிறது, எந்தத் துப்பாக்கி கிடைக்கும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால், பெரும்பாலான வீடுகளுக்குப் பதில் 'வேண்டாம்' என்றுதான் வருகிறது.

கடைக்குப் போய் வாங்க முடியுமா?

முடியாது. இந்தியாவில் துப்பாக்கி வைத்திருப்பது உரிமை அல்ல. அரசு தரும் அனுமதி. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டமும், 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளும்தான் இதற்கு அடிப்படை. 1857 எழுச்சிக்குப் பிறகு, 1878-ல் ஆங்கிலேய அரசு கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பியர்களுக்கு விலக்கு கொடுத்தது. சுதந்திர இந்தியா அந்தப் பாகுபாட்டை நீக்கியது. உரிமம் வேண்டும் என்பதை மட்டும் எல்லோருக்கும் பொதுவாக்கி வைத்துக்கொண்டது.

விண்ணப்பிக்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். திண்டுக்கல் போன்ற மாவட்டங்களில் கலெக்டர் அலுவலகத்தில் விண்ணப்பம். கமிஷனர் அலுவலகம் உள்ள மாநகரங்களில் போலீஸ் கமிஷனரிடம். அதன் பிறகு லோக்கல் ஸ்டேஷன் விசாரணை. வழக்கு இருக்கிறதா, குடும்பத்தில் தகராறு இருக்கிறதா, மனநிலை எப்படி, உண்மையிலேயே அச்சுறுத்தல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி வேண்டும். வீட்டில் பத்திரமாகப் பூட்டி வைப்பேன் என்ற உறுதிமொழியும் தர வேண்டும்.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: போதிய சொத்து இல்லை என்பதை மட்டுமே காரணம் காட்டி விண்ணப்பத்தை நிராகரிக்கக் கூடாது என்று சட்டத்தின் 14-வது பிரிவு சொல்கிறது. நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். 18-வது பிரிவின் கீழ் மேல்முறையீடும் செய்யலாம்.

2019-ல் வந்த திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை 3-லிருந்து 2 ஆகக் குறைத்தது. உரிமத்தின் காலத்தை 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக நீட்டித்தது.

எந்தத் துப்பாக்கி கிடைக்கும்?

சினிமாவில் ஹீரோ இடுப்பில் செருகும் 9 எம்.எம். பிஸ்டல் சாதாரண மக்களுக்குக் கிடையாது. அது 'தடை செய்யப்பட்ட' வகை. பொதுமக்களுக்கு அனுமதிக்கப்படும் வகையில் வருபவை, .32 ரிவால்வர் அல்லது பிஸ்டல், 12 போர் எனப்படும் நீளக் குழல் துப்பாக்கி, சில வகை ரைபிள்கள். இவற்றில் சட்டமே கொஞ்சம் இளக்கம் காட்டுவது நீளக் குழல் துப்பாக்கிக்குத்தான். பாதுகாப்புக்காக 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள துப்பாக்கி, பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி என்று 13-வது பிரிவு தனியாகவே குறிப்பிடுகிறது. கைத்துப்பாக்கி என்றால், 'ஏன் வேண்டும்?' என்பதற்கு வலுவான காரணம் காட்டியாக வேண்டும்.

இப்போது அந்த ராத்திரி 2 மணிக்குத் திரும்பிப் போவோம். 20 அங்குலக் குழல், அதோடு கட்டை. தூக்கக் கலக்கத்தில், கண்ணாடி தேடி, இருட்டில், குறுகலான ரேழியில் அறுபத்தைந்து வயது மனிதர் அதைத் தூக்கித் திருப்பிக் குறிபார்க்க வேண்டும். எதிரே வருவது திருடனா, தண்ணீர் குடிக்க எழுந்த மருமகனா என்பதை ஒரு விநாடியில் முடிவு செய்ய வேண்டும். பயிற்சி பெற்ற போலீஸ்காரர்களே திணறும் வேலை இது.

'அப்போ ஏர் கன் வாங்கலாமே' என்பார்கள் சிலர். 4.5 எம்.எம்.-க்கு மேற்படாத குழலும், 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் கொண்ட ஏர் கன்னுக்கு உரிமம் தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் ஆயுதத்தோடு வரும் கும்பலை அது நிறுத்தாது. வீட்டுப் பிள்ளையின் கண்ணைப் பறிக்க மட்டும் அது போதும்.

பூட்டி வைத்தால் எட்டாது... வெளியே வைத்தால்?

வீட்டுத் துப்பாக்கியின் உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. தோட்டாவைத் தனியாக எடுத்து, துப்பாக்கியை இரும்புப் பெட்டியில் பூட்டி, சாவியை மறைத்து வைப்பதுதான் பாதுகாப்பு. அப்படிச் செய்தால் கதவு உடைபடும் நேரத்தில் அது கைக்கு வராது. கைக்கு வர வேண்டும் என்று தலையணைக்கு அடியில் தோட்டாவோடு வைத்தால், லீவுக்கு வரும் பேரன் கைக்கும் அது வரும். குடித்துவிட்டு வரும் மகன் கைக்கும் வரும். மனம் உடைந்த ஒரு நாளில், வீட்டில் யார் கைக்கு வேண்டுமானாலும் வரும்.

இது வெறும் கற்பனை இல்லை. துப்பாக்கி மலிந்த அமெரிக்காவில், கலிபோர்னியாவில் 2.6 கோடி பேரின் பதிவுகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2020-ல் வெளியானது. கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் விகிதம், வைத்திருக்காத ஆண்களைவிட சுமார் 8 மடங்கு அதிகம். பெண்களிடம் அது சுமார் 35 மடங்கு. துப்பாக்கி உள்ள வீட்டில் கொலை நடக்கும் ஆபத்து சுமார் 2.7 மடங்கு அதிகம் என்று 1993-லேயே இன்னொரு அமெரிக்க ஆய்வு சொன்னது.

தற்கொலை எண்ணிக்கையில் ஆண்டுதோறும் முன்வரிசையில் வரும் மாநிலம் தமிழ்நாடு. திருடனுக்குப் பயந்து வாங்கும் பொருள், திருடன் வராத ஆயிரம் ராத்திரிகளும் வீட்டில்தான் இருக்கும். (மன உளைச்சல் இருந்தால் 104 அல்லது 14416 எண்ணில் பேசலாம்.)

இன்னொன்று. தேர்தல் வந்தால், பெரும்பாலான உரிமதாரர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலில் நடத்தை விதிகள் மார்ச் 16 முதல் ஜூன் 6 வரை அமலில் இருந்தன. கிட்டத்தட்ட 3 மாதம். அந்த 3 மாதமும் வீட்டைக் காத்தது எது? கதவும் பூட்டும் தெருவிளக்கும்தான்.

சுட்டுவிட்டால் என்ன ஆகும்?

"என் வீட்டுக்குள்ள வந்தவனைச் சுட்டா என்ன தப்பு?" டீக்கடை விவாதங்களில் அடிக்கடி கேட்கும் வசனம் இது. தற்காப்பு உரிமை சட்டத்தில் உண்டு. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் அதைப் பேசுகின்றன. கொள்ளை, இரவில் கதவை உடைத்துப் புகுதல், தீ வைத்தல் போன்ற நேரங்களில் எதிராளியின் உயிர் போகும் அளவுக்குக்கூட அந்த உரிமை நீளும்.

ஆனால் எல்லைகள் உண்டு. தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகத் தீங்கு செய்யக் கூடாது. போலீஸின் உதவியைப் பெற அவகாசம் இருந்தால் இந்த உரிமையே கிடையாது. இரவில் வீடு புகுந்தவன் விஷயத்தில் சொத்தைக் காக்கும் உரிமை, அந்த அத்துமீறல் தொடரும் வரைதான். சுவர் ஏறிக் குதித்து வெறுங்கையோடு ஓடுகிறவனின் முதுகில் சுட்டால், அதைத் தற்காப்பு என்று நிறுவுவது மிகக் கடினம். விசாரணை வீட்டுக்காரர் மீதே திரும்பும்.

'அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு இருக்கே' என்பது அடுத்த வாதம். அங்கே 1791-ல் வந்த அரசியல் சாசனத்தின் 2-வது திருத்தம் அதை உரிமையாக்கியது. வீட்டில் தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2008-ல் உறுதி செய்தது. இந்திய அரசியல் சாசனத்தில் அப்படியொரு உரிமை இல்லை. இங்கே கொள்ளையடிக்க வருபவன் பெரும்பாலும் கடப்பாரையோடும் அரிவாளோடும் வருகிறான். வீட்டுக்கு வீடு துப்பாக்கி வந்தால், அவனும் துப்பாக்கியோடு வருவான்.

உரிமம் இல்லாமல் 'ஒண்ணு' வெச்சுக்கிட்டா?

சிறுமலை, கன்னிவாடி, கொடைக்கானல் மலையடிவாரங்களில் நாட்டுத் துப்பாக்கி என்பது புதிய சொல் இல்லை. காட்டுப் பன்றியை விரட்ட, வேட்டைக்கு என்று ஏதோ ஒரு காரணத்துக்கு யாரோ செய்து கொடுப்பது. கருமருந்தையும் இரும்புக் குண்டுகளையும் கெட்டித்துச் சுடும் இந்தத் துப்பாக்கி, சுடுகிறவர் கையிலேயே வெடித்துவிடலாம்.

உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. செய்தாலோ விற்றாலோ 7 ஆண்டு முதல் ஆயுள் வரை. பூர்வீகமாக வீட்டில் கிடக்கிறது என்றால், வக்கீல் ஒருவரைக் கேட்டுக்கொண்டு முறைப்படி ஒப்படைப்பதுதான் நல்லது. பரணில் போட்டு மறப்பது தீர்வே இல்லை.

அப்போ என்னதான் செய்வது?

கொள்ளைக் கும்பலுக்கு வேண்டியது இருட்டு, அமைதி, அவகாசம் இந்த மூன்றும்தான். இவற்றைக் கெடுப்பதற்குத் துப்பாக்கி தேவையில்லை.

முதலில் கதவு. நாகல் நகர், நல்லாம்பட்டி பட்டறைகளில் கையால் செய்யப்படும் திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அலிகாரில் இருந்து வரும் மலிவு விலைப் பூட்டுகளோடு போட்டி போட முடியாமல் அந்தத் தொழில் தேய்ந்துகொண்டிருக்கிறது. ஊரே பூட்டுக்குப் பெயர் பெற்றது; ஆனால் புது லேஅவுட் வீடுகளின் பின்கதவைப் பார்த்தால் ஒரே ஒரு தாழ்ப்பாள்! நல்ல லீவர் பூட்டு, கதவுக்கு முன்னால் இரும்புக் கிரில், ஆள் யார் என்று பார்க்கச் சின்னத் துவாரம். துப்பாக்கிக்கு ஆகும் செலவில் ஒரு பகுதியிலேயே இத்தனையும் முடிந்துவிடும்.

அடுத்து வெளிச்சமும் சத்தமும். ஆள் நடமாட்டம் தெரிந்தால் தானே எரியும் விளக்கு, சைரன், இன்வெர்ட்டரில் ஓடும் சிசிடிவி. சென்னையில் இருக்கும் பிள்ளை போனில் தோட்டத்தைப் பார்க்க முடிந்தால், தனியாக இருக்கும் பெற்றோருக்கு அது பெரிய தைரியம்.

மூன்றாவது நகை. கொள்ளைக்குக் காரணமே அதுதான் எனும்போது, அதைப் பீரோவில் வைத்துவிட்டு காவலுக்குத் துப்பாக்கி தேடுவது தலைகீழ் வேலை. வங்கி லாக்கரில் தீ, திருட்டு, ஊழியர் மோசடி போன்றவற்றால் இழப்பு ஏற்பட்டு அதற்கு வங்கி பொறுப்பானால், ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரை தர வேண்டும் என்ற விதி 2022 ஜனவரி முதல் அமலில் இருக்கிறது.

நான்காவது மனிதர்கள். சுற்றியுள்ள பத்துத் தோட்டங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு. வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனால் ஸ்டேஷனில் தகவல். அப்பா அம்மா போனில் 112 எண்ணும், தமிழ்நாடு போலீஸின் 'காவல் உதவி' செயலியும். அதை எப்படி அழுத்துவது என்று அடுத்த லீவில் ஒரு தடவை சொல்லிக்கொடுத்துவிட வேண்டும்.

அவசரகாலத் தயாரிப்பு என்றால் இன்னொரு முகமும் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் திண்டுக்கல், கொடைக்கானல் வரை வந்து மரங்களைச் சாய்த்தபோது தேவைப்பட்டவை டார்ச், குடிநீர், மருந்து, சார்ஜ் உள்ள போன். துப்பாக்கியால் அன்று யாருக்கும் எந்தப் பயனும் இல்லை.

கடைசியாக, அரசுக்கு ஒரு வார்த்தை

இதெல்லாம் 'மக்களே, உங்களை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்று சொல்வதற்காக அல்ல. துப்பாக்கி உரிமை இல்லை என்று அரசு சொல்கிறது என்றால், அந்த இடத்தைப் பாதுகாப்பால் நிரப்ப வேண்டிய கடமையும் அரசுக்குத்தான். தோட்டத்து வீடுகளில் தனியாக இருக்கும் முதியவர்களின் பட்டியல் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இருக்க வேண்டும். இரவு ரோந்து மெயின் ரோட்டோடு திரும்பாமல், வண்டிப்பாதைக்குள்ளும் வர வேண்டும். கூப்பிட்டால் எத்தனை நிமிடத்தில் வருகிறார்கள் என்பதை மாவட்ட வாரியாகப் பொதுவெளியில் வைக்க வேண்டும். உண்மையிலேயே கொலை மிரட்டல் உள்ள ஒருவர் உரிமம் கேட்டால், 'ஆம்' அல்லது 'இல்லை' என்பதைக் காரணத்தோடும் காலத்தோடும் சொல்ல வேண்டும். ஃபைலைத் தூங்கவிடக் கூடாது.

அப்பாவுக்கு என்ன வாங்கிக் கொடுப்பது என்று யோசிக்கும் பிள்ளைகள், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது முதலில் பின்கதவைப் போய்ப் பார்க்கலாம். அந்தத் தாழ்ப்பாளை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாலே, பணத்தை எங்கே போட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.