வெல்லம் தூளை இறக்காது

மந்தைவெளியில் ஒரு சந்துக்குள் இருக்கிறது எங்கள் பட்டறை. அப்பா வாங்கிப் போட்ட, மரம் அறுக்கும் பேண்ட்சா மெஷின் இன்னமும் அதன் நடுவில் நிற்கிறது. வார்ப்பிரும்பு உடம்பு, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக 24 அங்குலச் சக்கரங்கள். சாயந்திரம் மெஷினை நிறுத்தியதும் அலமாரியிலிருந்து வெல்ல டப்பா இறங்கும். மூடியில் படிந்திருக்கும் தூளை ஊதிவிட்டு, ஆளுக்கு ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்கள். "வெல்லம் போட்டா உள்ள போன தூசியெல்லாம் வயித்தோட இறங்கிடும், தம்பி" என்று சின்ன வயதில் எனக்குச் சொன்னவர், அப்பாவிடம் 30 வருடம் வேலை பார்த்த பெரிய ஆசாரி. அவர் மட்டுமா சொல்கிறார்? மாவு மில், சிமெண்ட் குடோன், பஞ்சாலை என்று தூசி பறக்கிற இடமெல்லாம் இதே பேச்சுதான். வெல்லம் இல்லாத இடத்தில் வாழைப்பழம்.

இது பொய். யாரையும் ஏமாற்ற வேண்டும் என்று சொன்ன பொய்யில்லை. உழைக்கிறவர்கள் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்ட ஆறுதல். ஆனாலும் பொய் பொய்தான். சாயந்திரம் வெல்லத்தால் சரிசெய்துவிடலாம் என்று நம்புகிறவன், காலையில் மெஷினைத் திறந்து தூள் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கவே மாட்டான். இந்த நம்பிக்கைமேல் எனக்குள்ள கோபம் அதனால்தான்.

வெல்லம் போகிற வழி வேறு, தூள் போகிற வழி வேறு. வெல்லம் உணவுக்குழாயில் இறங்குகிறது. தூள் மூக்கு வழியாக மூச்சுக்குழாய்க்குப் போகிறது. இனிப்பு பட்டதும் எச்சில் ஊறும், தொண்டையில் ஒட்டிக்கொண்டிருப்பது கழுவிப்போகும், கரகரப்பு அடங்கும். அந்தச் சுகத்தை வைத்துத்தான் "இறங்கிடுச்சு" என்கிறோம். இறங்கியது தொண்டையில் இருந்த பெருந்தூள். 10 மைக்ரானுக்கும் குறைவான பொடி தொண்டையில் நிற்பதில்லை. நேரே நெஞ்சுக்குள் போய்விடுகிறது. நம் தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான். இந்தப் பொடி கண்ணுக்கு எப்படித் தெரியும்?

வெல்லத்துக்கு ஆதரவாக ஒரு ஆராய்ச்சியைக் காட்டுவார்கள். லக்னோவில் இருந்த தொழில் நச்சியல் ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்தவர்கள் 1994-இல் வெளியிட்டது. நிலக்கரித் தூசியும் சிலிக்காவும் ஏற்றிய எலிகளுக்கு வெல்லம் கொடுத்தபோது, நுரையீரலிலிருந்த துகள்கள் கூடுதலாகப் பக்கத்து நிணநீர்க் கணுக்களுக்கு நகர்ந்தன என்றது அது. நான் அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் அது எலி; தூசியோ நிலக்கரி. அந்தத் துகளும் உடம்பை விட்டு வெளியே போகவில்லை, நுரையீரலிலிருந்து கணுவுக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். இன்னொன்றும் இருக்கிறது. மரத்தூள் செய்கிற மிக மோசமான கெடுதல் நுரையீரலில் நடப்பதில்லை. மூக்கில் நடக்கிறது. வாயில் போட்ட வெல்லம் மூக்குக்கு என்ன செய்யும்?

இங்கிலாந்தில் ஹை விக்கம் என்று ஒரு ஊர். நாற்காலி செய்தே பிழைத்த ஊர். 1960-களில் அங்கே காது மூக்கு தொண்டை மருத்துவராக இருந்த எஸ்மே ஹாட்ஃபீல்ட், மூக்கின் உட்குழிவில் வரும் ஒரு அபூர்வமான புற்றுநோய் தன் ஊரில் மட்டும் அடிக்கடி வருவதைக் கவனித்தார். வந்தவர்களைப் பார்த்தால் பெரும்பாலும் மரச்சாமான் பட்டறை ஆட்கள். அவரும் டொனால்ட் ஆச்சஸன் முதலியோரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1968-இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் வந்தது. மறு வருடமே அந்த நாட்டு அரசு அந்தப் புற்றுநோயைத் தொழில்நோய்ப் பட்டியலில் சேர்த்தது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995-இல் மரத்தூளை முதல் வகுப்பில் வைத்தது. மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று சந்தேகமில்லாமல் சொல்லப்படுகிற வகுப்பு அது. புகையிலைப் புகையும் கல்நாரும் அதே வகுப்பில்தான் இருக்கின்றன. "மரம் இயற்கைதானே, அது என்ன செய்யும்" என்கிறவர்கள் கல்நாரும் பூமியிலிருந்து வெட்டியெடுத்ததுதான் என்பதை நினைத்துப் பார்க்கட்டும்.

மரவேலை செய்கிற எல்லோருக்கும் புற்றுநோய் வந்துவிடாது. வருவது மிகச் சிலருக்கு, அதுவும் பல பத்தாண்டு கழித்து. பலருக்கும் வருவது வேறு: அடைத்த மூக்கு, விடாத தும்மல், இரவில் இழுப்பு, முழங்கையில் அரிப்பு. தேக்கிலும் ஈட்டியிலும் தோலை எரிய வைக்கும் சத்து உண்டு. பூச்சி அண்டாமல் மரத்தைக் காப்பதும் இப்படிப்பட்ட சத்துகள்தான்.

என் அப்பா தேக்கை முகர்ந்தே சொல்லக்கூடியவர். கண்ணை மூடிக்கொண்டு ஒரு சீவலை மூக்கருகே வைத்து, இது தேக்கு, இது வேங்கை, இது பலா என்பார். வெட்டிய தேக்கின், பதனிட்ட தோல் போன்ற மணத்தை எனக்குக் காட்டியவரே அவர்தான். கடைசி எட்டுப் பத்து வருடம் அவருக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. மயிலாப்பூர் மாடவீதியில் மல்லிகைக் கூடைகளைத் தாண்டிப் போகும்போது, "பூ வந்திருக்கா?" என்று என்னைக் கேட்பார். ஒரு நாள்கூட வெல்லம் தவறாதவர் அவர்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 முதல் கடினமரத் தூளுக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு, ஒரு கன மீட்டர் காற்றுக்கு 2 மில்லிகிராம். எட்டு மணி நேர வேலைக்கான சராசரி அது. எங்கள் பட்டறை 20-க்கு 10 அடி, உயரம் 10 அடி. கணக்குப் போட்டால் 57 கன மீட்டர் வரும். அப்படியானால் பட்டறை முழுவதும் மிதக்கலாம் என்று அனுமதிக்கப்படும் தூள் 114 மில்லிகிராம். ஒரு சிட்டிகை மூக்குப்பொடி, அவ்வளவுதான். ஆறு தேக்குப் பலகையை அறுத்தபின் ஓட்டு இடுக்கு வழியாக விழும் வெயில் கீற்றைப் பாருங்கள். ஒரு சிட்டிகையா அது?

"கதவத் தொறந்து வச்சா காத்தோட்டத்துல போயிடும்" என்பது வெல்ல நம்பிக்கைக்குத் தம்பி முறையுள்ள இன்னொரு நம்பிக்கை. மத்தியானம் கடல்காற்று வீசினால் தூள் நம் பட்டறையிலிருந்து எதிர்வீட்டுக் கொடித்துணிக்குப் போகிறது. போவதற்கு முன் அறுப்பவன் முகத்தின் வழியாகப் போகிறது. மின்விசிறி போட்டால் அடங்க இருந்த பொடியும் கிளம்பும். எல்லாவற்றிலும் கேடு, சாயந்திரம் காம்ப்ரசர் காற்றை அடித்து மெஷினைச் சுத்தம் செய்வது. நாள் முழுக்கப் படிந்ததை ஐந்து நிமிடத்தில் மறுபடி எழுப்பி, அதற்கு நடுவிலேயே நின்று மூச்சு விடுகிறோம். பிறகு வெல்லம்.

பட்டறைக்காரர்களிடம் இதைச் சொன்னால் கடைசியாக வந்து நிற்கும் பதில், "பழைய மெஷின், அதுக்கெல்லாம் வழி இல்ல." இதைத்தான் நான் கையால் தொட்டு மறுக்க முடியும்.

பேண்ட்சாவைப் போலத் தூளை ஒரே இடத்தில் கொட்டுகிற மெஷின் குறைவு. பிளேடு மேலிருந்து கீழே ஓடுகிறது. பல்லின் இடுக்கில் அள்ளிய தூளை டேபிளுக்கு அடியில் கொண்டுவந்து கொட்டுகிறது. பிளேடு விலகாமல் பிடிக்கும் கீழ்க் கைடைத் தாண்டியதும் மிச்சம் சக்கரத்து ரப்பரில் ஒட்டி, பிளேடுக்கும் ரப்பருக்கும் நடுவில் அப்பமாக அமுங்கி, சுற்றி மேலே வந்து மறுபடி முகத்துக்கு நேரே உதிர்கிறது. கீழ்க் கதவைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு பலகையை அறுத்து நிறுத்திப் பார்த்தால் போதும். எங்கே குவிந்திருக்கிறது, எங்கே தெறித்திருக்கிறது என்று மெஷினே காட்டிவிடும்.

நான் முதலில் செய்ததும் தவறுதான். தூளை உறிஞ்சும் ஒரு குதிரைசக்தி டஸ்ட் கலெக்டர் வாங்கி, அதன் 4 அங்குல ஹோஸைக் கீழ்ச் சக்கரம் சுற்றும் கீழ்ப்பெட்டியின் அடியில் சொருகினேன். புதிய மெஷின்கள் பலவற்றிலும் வாய் அங்கேதான் இருக்கிறது. தூள் பாதிகூடக் குறையவில்லை. பெரிய ஆசாரி சாமி படத்துக்கு முன்னால் இருந்த ஊதுபத்தியில் ஒன்றை எடுத்து வந்து, ஹோஸ் வாய்க்கு நேரே பிடித்தார். வாயருகே புகை கோடு போட்டது மாதிரி உள்ளே பாய்ந்தது. நாலு விரல் தள்ளியதும் தளர்ந்தது. ஒரு சாண் தள்ளியதும் அதன் இஷ்டத்துக்கு மேலே ஏறியது. "இது வாய்ல போட்டாத்தான் முழுங்கும் தம்பி, தேடிப் போய்த் திங்காது" என்றார்.

உறிஞ்சுவதன் சூட்சுமம் அவ்வளவுதான். அகல் விளக்கை ஒரு முழம் தள்ளி நின்று ஊதி அணைத்துவிடலாம், அதே தூரத்திலிருந்து உறிஞ்சி அணைக்க முடியாது. குழாய் வாயின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு தூரம் தள்ளிப்போனாலே, காற்றின் வேகம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிடும். மோட்டாரைப் பெரிதாக்கி இதை ஜெயிக்க முடியாது. வாயை நகர்த்தித்தான் ஜெயிக்க வேண்டும்.

நகர்த்தினோம். டேபிளின் அடிப்பக்கத்திலிருந்து கீழ்க் கைடு வரை பிளேடைச் சுற்றித் தகரத்தில் ஒரு கூடு அடித்தோம். பிளேடு மாற்றும்போது கழற்ற இரண்டு பட்டாம்பூச்சி நட்டு. அந்தக் கூட்டிலிருந்து ஒரு குழாய், கீழ்ப்பெட்டியின் அடியிலிருந்து ஒரு குழாய், இரண்டும் Y வடிவத்தில் சேர்ந்து டஸ்ட் கலெக்டருக்குப் போகின்றன. ரப்பரில் அப்பிக்கொள்வதைச் சுரண்ட, கீழ்ச் சக்கரத்தைத் தொட்டுக்கொண்டு ஒரு நார் பிரஷ். டேபிள் நடுவில் பிளேடு ஓடும் துளை தேய்ந்து ஓட்டையாகியிருந்தது. அதற்குப் பிளைவுட்டில் புது வில்லை வெட்டிப் போட்டோம். அந்த வில்லையில் நாலு சின்னத் துளை. எல்லாவற்றையும் இறுக்கி அடைத்துவிடக் கூடாது. உள்ளே வரக் காற்றுக்கு வழி இல்லையென்றால் வெளியே இழுக்கவும் காற்று இருக்காது. கூடு அடித்த பலர் தோற்றுப்போவது இங்கேதான்.

நெளிவு ஹோஸைக் கடைசி மூன்றடிக்கு மட்டும் வைத்துக்கொண்டோம். மீதி எல்லாம் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கிற 4 அங்குல பிவிசி பைப். நெளிவுக்குள் காற்று மோதி மோதியே வலுவிழந்துவிடும். வழவழப்பான குழாயில் அந்த நஷ்டம் இல்லை. துணிப்பையைப் பற்றியும் சொல்ல வேண்டும். டஸ்ட் கலெக்டரோடு வரும் பை பெருந்தூளைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சுக்குள் போகிற பொடியை மட்டும் சலித்து அறைக்குள் விடுகிறது. சல்லடையில் மாவு சலிப்பது போல. அதை மாற்றி மடிப்பு வைத்த நுண்வடிகட்டி போட்டோம். தகரம், வெல்டிங், பைப் எல்லாம் சேர்ந்து ஒரு ஷீட் நல்ல பிளைவுட் விலைதான் ஆனது. டஸ்ட் கலெக்டரும் வடிகட்டியும் தனி.

மயிலாப்பூர், மந்தைவெளிப் பட்டறைகளுக்கென்றே ஒரு எச்சரிக்கை உண்டு. இடிக்கிற பழைய வீட்டு உத்தரமும் கதவு நிலையும் நிறைய அறுக்க வருகின்றன. அருமையான தேக்கு. உள்ளே ஆணி இருக்கும். பிளேடு ஆணியில் பட்டால் பொறி பறக்கும். அந்தப் பொறியைக் குழாய் இழுத்துக்கொண்டுபோய்த் தூள் பையில் சேர்க்கும். 2012-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இரண்டு மர மில்கள் தூள் வெடித்து எரிந்தன, நாலு பேர் செத்தார்கள். பழைய மரமென்றால் முதலில் காந்தம் ஓட்டி ஆணி பிடுங்குங்கள். சாயந்திரம் பையைக் காலி செய்யாமல் பட்டறையைப் பூட்டாதீர்கள்.

அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று யாரும் இருக்க வேண்டாம். 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, தூசி கிளம்புகிற இடத்துக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் உறிஞ்சு கருவி வைக்க வேண்டும், அந்த இடத்தை முடிந்தவரை மூட வேண்டும் என்றது. ஊதுபத்தி காட்டியதையேதான் சட்டமும் சொன்னது. ஆனால் மின்சாரம் ஓடும் இடத்தில் 10 பேராவது வேலை பார்த்தால்தான் அந்தச் சட்டம் அதைத் தொழிற்சாலை என்றது. நாலு பேர் பட்டறைக்குள் அது எட்டிப் பார்க்கவே இல்லை.

தி. நகரிலும் அடையாறிலும் புது அடுக்குமாடி வீட்டில் அலமாரி அடிக்கக் கொடுப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஜன்னலைச் சாத்திய அறைக்குள் 20 வயதுப் பையன் குத்தவைத்து உட்கார்ந்து, கைக்கட்டரில் பிளைவுட் அறுக்கிறான். முகத்தில் ஒரு கைக்குட்டை. பிளைவுட்டில் மரத்தோடு பசையும் இருக்கிறது. அந்தப் பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடையும் அதே புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-இல் முதல் வகுப்பில் சேர்த்தது. கைக்குட்டை பெருந்தூளைத் தடுக்கும், பொடியைத் தடுக்காது. கட்டரோடு ஒரு வேக்குவம் இணைக்கச் சொல்லுங்கள், அவன் முகத்துக்கு என்95 வாங்கிக் கொடுங்கள். சமையலறைக் கைப்பிடிக்குக் கடை கடையாக ஏறி இறங்கத் தெரிந்த நமக்கு இது தெரியாதா?

எங்கள் பட்டறையில் பேண்ட்சாவுக்கும் டஸ்ட் கலெக்டருக்கும் ஒரே ஸ்விட்ச் வைத்துவிட்டேன், ஒன்றை விட்டு ஒன்று ஓடாது. வெல்ல டப்பா அலமாரியில்தான் இருக்கிறது, பெரிய ஆசாரி இன்றும் ஒரு துண்டு போட்டுக்கொள்கிறார். நான் தடுக்கவில்லை, மூடியை ஊத வேண்டிய வேலை மட்டும் குறைந்திருக்கிறது. இன்னும் மரத்தைத் தேய்க்கும் சாண்டர் பாக்கி. பேண்ட்சா தூளைவிட அதன் பொடி நைஸானது, அதனால் அதிக ஆபத்தானது. அதற்கும் கூடு அடிக்கத் தகரம் வாங்கி வைத்திருக்கிறோம்.