யாருடைய பாடு?

பழவேற்காட்டு ஏரியில் இறாலுக்கு வலை கட்ட வேண்டுமென்றால் பாடு வேண்டும். பாடு என்றால் முறை. முகத்துவாரத்தை ஒட்டி இறால் நன்றாகப் படுகிற இடங்களில் இன்றைக்கு யார் வலை கட்டுவது, நாளைக்கு யார் என்று சீட்டுப் போட்டு வைத்திருப்பார்கள். நல்ல இடத்தை ஒருவரே வளைத்துக்கொள்ள முடியாது. இந்த ஏற்பாட்டை வெளியூர் ஆய்வாளர்கள் வியந்து எழுதியிருக்கிறார்கள். வியக்கத் தகுந்ததுதான். ஆனால் பாடு கேட்க வேண்டுமானால் ஊரில் தலைக்கட்டாக இருக்க வேண்டும். தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆண். அந்த இறாலை ஏலத்தில் எடுத்து, ஐஸ் போட்டு, பொன்னேரிக்குக் கொண்டுபோய் விற்று, வட்டி கட்டுகிற பெண்ணுக்கு இந்த ஏரியில் ஒரு முழத் தண்ணீரில்கூட முறை கிடையாது. என் அம்மா முப்பது வருடமாக அந்த வேலையைத்தான் செய்கிறாள்.

நான் எழுதிய நாவல் இதைப் பற்றியது. அதில் ஒரு விதவை ஊர்க்கூட்டம் நடக்கிற இடத்துக்குப் போய், செத்துப்போன புருஷனுடைய முறையை என் பேருக்கு எழுதுங்கள் என்று கேட்கிறாள். எங்கள் குப்பத்தில் எந்தப் பெண்ணும் அப்படிக் கேட்டதில்லை. கூட்டத்தில் பெண்கள் உட்காருவதே இல்லை. நடக்காத அந்த ஒரு காரியத்தை நடத்திப் பார்ப்பதற்காகத்தான் நான்கு வருடம் எழுதினேன்.

படித்துப் பார்த்த ஒரு பதிப்பாளர் போன் செய்தார். “எழுத்துல உயிர் இருக்கும்மா. ஆனா நாவலா வேண்டாம். தன்வரலாறா மாத்திக் குடுங்க, ஜனவரி புத்தகக் காட்சிக்கே கொண்டுவந்துடலாம்.” அந்த விதவையை என்ன செய்வது என்று கேட்டேன். “அது கொஞ்சம் மிகையா இருக்கு. அதுக்குப் பதிலா துறைமுகப் போராட்டத்தைச் சேருங்க.” காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கு எதிராக எங்கள் பெண்கள் போராடியது உண்மை. நானும் போய் உட்கார்ந்தேன். அதையும் எழுதுவேன். எப்போது, எப்படி என்பது என் கையில் இருக்கட்டும்.

அவர் நல்லவர், அக்கறையோடுதான் சொன்னார். இந்த அக்கறையைத்தான் எனக்குப் பொறுக்கவில்லை. குப்பத்திலிருந்தும் சேரியிலிருந்தும் ஒரு பெண் எழுத வந்தால் அவளிடம் வாக்குமூலம் கேட்கிறார்கள். நடந்ததை நடந்தபடி சொல்லு, உன் கற்பனையெல்லாம் வேண்டாம் என்கிறார்கள். போலீஸ் ஸ்டேஷனிலும் இதைத்தான் சொல்வார்கள். அனுபவம் எங்களுக்கு, கற்பனை உங்களுக்கு என்று பங்கு பிரித்தது யார்? எந்தக் கூட்டத்தில் சீட்டுப் போட்டீர்கள்?

ஜோ டி குரூஸ் தான் பிறந்து வளர்ந்த கடற்கரை மக்களை எழுதினார். ‘ஆழி சூழ் உலகு’ 2004இல் வந்தது, ‘கொற்கை’ 2009இல். கொற்கைக்கு 2013இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. இரண்டும் நாவல்களாகவே வந்தன, நாவல்களாகவே படிக்கப்படுகின்றன. அதில் எனக்குச் சந்தோஷம்தான். அதே மரியாதையைத்தான் நானும் கேட்கிறேன்.

இது மரியாதைப் பிரச்சினை மட்டும் இல்லை, பாதுகாப்புப் பிரச்சினையும்கூட. எங்கள் குப்பத்தில் யார் வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்பது நான்காவது தெருவுக்குத் தெரியும். நாவல் எழுதுகிறேன் என்றதும் அம்மா கேட்ட ஒரே கேள்வி, “படிச்சா யாரு வூட்டு கதைன்னு கண்டுபுடிச்சிடுவாங்களா?” இதைவிடக் கூர்மையான விமர்சனக் கேள்வியை எந்த இலக்கியக் கூட்டத்திலும் நான் கேட்டதில்லை. 1992இல் ‘கருக்கு’ வந்தபோது பாமா சில மாதங்கள் சொந்த ஊருக்குள் போக முடியாமல் இருந்தார். சல்மா வீட்டுக்குத் தெரியாமல் எழுதி, புனைபெயருக்குள் ஒளிந்துதான் கவிதைகளை வெளியிட்டார். பிறகு 2004இல் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’யை நாவலாகத் தந்தார். பெருமாள்முருகன் கல்லூரிப் பேராசிரியராக இருந்தவர், பல நூல்கள் எழுதியவர். அவரையே 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னால் உட்காரவைத்து எழுதி வாங்கினார்கள். எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவர் அறிவித்தார். உயர்நீதிமன்றத் தீர்ப்பு வர அடுத்த வருடம் ஜூலை ஆயிற்று. அவருக்கே அந்த நிலை என்றால், இருநூறு வீட்டுக் குப்பத்தில் ஏலக் கடனோடு இருக்கிற ஒருத்தியின் மகளுக்கு யார் வழக்குப் போடுவார்கள்? தன்வரலாறு என்று அட்டையில் போட்ட அன்றைக்கே என் அம்மாவும் சித்தியும் அண்ணியும் பெயரோடும் முகவரியோடும் சபைக்கு வந்துவிடுவார்கள். நாவல் எங்களுக்குத் தலைக்கு மேல் ஒரு கூரை. அதைப் பிரித்துவிட்டு உண்மையைச் சொல் என்கிறார்கள்.

கடலோரப் பெண்ணைப் பற்றி நாவலே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. தகழியின் ‘செம்மீன்’ 1956இல் வந்து, பிறகு சினிமாவாகி, தமிழிலும் எல்லோருக்கும் தெரிந்த கதையாகிவிட்டது. கரையில் இருக்கிறவள் நெறி தவறினால் கடலுக்குப் போனவன் திரும்ப மாட்டான் என்ற நம்பிக்கைதான் அதன் முதுகெலும்பு. ஒரு நம்பிக்கையை எழுதினார், சரி. ஆனால் அதற்குப் பிறகு மீனவப் பெண் என்றாலே கூந்தல் பறக்கக் கடலைப் பார்த்து நிற்கிறவள் ஆகிவிட்டாள். எங்கள் ஊரில் அப்படி நிற்க யாருக்கும் நேரமில்லை. விடியுமுன் ஏலத்துக்குப் போக வேண்டும், மிஞ்சினதைக் கருவாடு போட வேண்டும். ராஜம் கிருஷ்ணன் தென்கடற்கரைக்கு நேரில் போய் விசாரித்து ‘அலைவாய்க்கரையில்’ எழுதினார். அந்த உழைப்பு பெரியது. இருந்தாலும் அவர் வந்து, பார்த்து, திரும்பிப் போனவர். திரும்பிப் போக இடமில்லாதவளின் நாவல் வேறு மாதிரி இருக்கும்.

அதை எழுத எங்களுக்குக் கிடைக்கிற அறிவுரை, தினமும் எழுதுங்கள், நிறைய வாசியுங்கள். ஜனவரிக் காட்சிக்குப் புத்தகம் வர வேண்டுமென்றால் ஐப்பசி, கார்த்திகையில் படியை முடித்துத் திருத்தித் தர வேண்டும். மழை இறங்கி ஏரியில் இறால் படுவதும், வீட்டுக்குள் தண்ணீர் வருவதும் அதே மாதங்களில்தான். இன்னொரு இடத்தில், 200 பிரதியை நீங்களே வாங்கிக்கொண்டால் போடலாம் என்றார்கள். அம்மாவின் ஒரு பருவத்து வட்டி அது. மூன்றாவது இடத்தில் குப்பத்துப் பேச்சையெல்லாம் திருத்தி, பின்னால் சொற்பட்டியல் கேட்டார்கள். பாடு என்ற சொல்லுக்கு என்ன பொருள் போடுவது? முறை என்றா, கஷ்டம் என்றா?

எழுதவே தெரியாத பெண்கள் எப்படி நாவல் எழுதுவது என்று சிலர் சிரிக்கிறார்கள். வை.மு. கோதைநாயகி அம்மாளுக்கு ஐந்து வயதில் கல்யாணம், பள்ளிக்கூடம் கிடையாது. தன் முதல் படைப்பான ‘இந்திர மோகனா’வை அவர் வாயால் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். பிறகு 1925இல் ‘ஜகன்மோகினி’ பத்திரிகையைத் தானே எடுத்து நடத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். முறைக்காகக் காத்திருக்காமல் வலையையே வாங்கிவிட்டார். ஒரு பதிப்பகம் நினைத்தால் எங்கள் குப்பங்களுக்கு நான்கு பட்டம்மாள்களைச் சம்பளம் கொடுத்து அனுப்ப முடியாதா? பயிலரங்கு, சான்றிதழ், குரூப் போட்டோவுக்கெல்லாம் பணம் இருக்கிறதே.

எங்களையும் விட்டுவைக்க மாட்டேன். பாடு எங்கள் ஜாதி ஆண்களுக்கு என்றால், இருளர்களில் ஆணுக்கே இல்லை. இருளர் பெண்கள் கழுத்தளவு தண்ணீரில் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஓலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டிருப்பார்கள். வேலை முடிகிறவரை பேச முடியாது. என் நாவலின் முதல் படியில் அவர்கள் இரண்டு இடத்தில் தூரத்தில் தெரிந்தார்கள், அவ்வளவுதான். தென்கடற்கரைக்குப் போய்ப் பார்த்தவரைப் பற்றி நான் சொன்னது எனக்கும் பொருந்தும். அந்த இரண்டு இடங்களை இப்போது மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன், ஒருத்தியிடம் கேட்டுக் கேட்டு. அவள் என்னைவிட நன்றாகக் கதை சொல்கிறாள்.

தன்வரலாறு கேட்டவருக்கு முடியாது என்று சொல்லிவிட்டேன். அம்மா தினமும் மத்தியானம் வலை நிழலில் உட்கார்ந்து போனில் பேசிப் பதிவு செய்து தருகிறாள். ராத்திரி நான் அதைக் கேட்டு எழுதுகிறேன். போன வாரம் அந்த விதவைக்கு வைத்திருந்த பெயரை மாற்றச் சொன்னாள், கிழக்குத் தெருவில் அதே பெயரில் ஒருத்தி இருக்கிறாளாம். மாற்றினேன். கூட்டத்தில் அவள் கேட்கிற கேள்வியை மட்டும் மாற்றச் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்கச் சொன்னாள்.