தோள் மாறிய துப்பாக்கி

அமெரிக்காவில் வசந்தம் பிறந்தால் சில குடும்பங்களுக்கு அது பயணக் காலம். அப்பா, மகன், சில வீடுகளில் தாத்தாவும் சேர்ந்து, ஒரு மாநிலத்தில் சீசன் முடிந்ததும் அடுத்த மாநிலம் என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போகிறார்கள். இலக்கு, காட்டு வான்கோழி. விடிவதற்கு முன்பே மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்து, பெட்டையைப் போலக் குரல் கொடுக்க வேண்டும். துணை தேடும் சேவல் அதை நம்பி, வாலை விசிறியாக விரித்துக்கொண்டு வரும். வந்ததும் சுட வேண்டியதுதான்.

பெங்களூரிலும் இப்படி ஒரு அப்பாவும் மகனும் இருந்தார்கள். கென்னத் ஆண்டர்சன், டொனால்ட் ஆண்டர்சன். தலைமுறை தலைமுறையாக இந்தியாவிலேயே வாழ்ந்த ஸ்காட்லாந்து வம்சாவளிக் குடும்பம். 1910-ல் பிறந்த கென்னத், பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். லீவு கிடைத்தால் காரில் துப்பாக்கியைப் போட்டுக்கொண்டு காட்டுக்குக் கிளம்பிவிடுவார். ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் சுட்ட கதைகளை அவர் 1954-லிருந்து புத்தகங்களாக எழுத ஆரம்பித்தார். அச்சிட்டது லண்டனில். ஆனால் அவற்றில் வரும் ஊர்கள் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம். அன்று சேலம் மாவட்டம், இன்று கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்கள். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் போர்டில் பார்க்கும் பெயர்களை இங்கிலாந்துக்காரர்கள் சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு படித்திருக்கிறார்கள்.

வான்கோழி வேட்டையின் தந்திரம் ஆண்டர்சனுக்கும் தெரிந்திருந்தது. ஜவளகிரிப் பெண்புலியின் கதை அதைத்தான் சொல்கிறது. துணையைத் துப்பாக்கிக்குப் பறிகொடுத்து, பிறகு தானும் காயம்பட்டு, மனிதர்களைக் கொல்லத் தொடங்கிய புலி அது. பல முயற்சிகள் வீணாகி, கடைசியில் அவர் காட்டுக்குள் உட்கார்ந்து ஆண்புலி போலக் குரல் கொடுத்தார். ஜோடி தேடிக்கொண்டிருந்த புலி பதில் குரல் கொடுத்தபடி நேரே துப்பாக்கி முனைக்கு வந்தது. எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய வேட்டைதான். ஆனாலும் அதை விவரிக்கும் எழுத்தில் வெற்றிக் களிப்பைவிட உறுத்தலே அதிகம் தெரிகிறது.

அந்த உறுத்தல் அவர் வீட்டுக்குள்ளும் வந்து குடியேறியது, ஒரு கரடிக்குட்டியாக. மைசூர் அருகே கரும்பு வயல்களில் காட்டுப் பன்றிகளைச் சுட்டு விரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு கரடி வெளியே வந்தது. ஆண்டர்சன் சுடவில்லை. கூட வந்தவர் சுட்டுவிட்டார். செத்த தாயின் முதுகில் குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துவந்து மனைவியிடம் கொடுத்தார். புரூனோ என்று பெயர் வைத்தார்கள். எலிக்கு வைத்த விஷத்தைத் தின்று பிழைத்தது. இன்னொரு நாள் இன்ஜின் ஆயிலைக் குடித்தும் ஒன்றும் ஆகவில்லை. வளர்ந்ததும் மைசூர் மிருகக்காட்சி சாலைக்கு அனுப்பினார்கள். கரடி அங்கே சாப்பிட மறுத்தது, வீட்டில் அந்த அம்மாள் ஏங்கினார். கடைசியில் அது பெங்களூருக்கே திரும்பி வந்தது. அதற்காகச் சுற்றிலும் 7 அடி ஆழப் பள்ளம் வெட்டி, நடுவே ஒரு தீவு அமைத்தார்கள். மத்தியப் பாடத்திட்டத்தில் 9-ம் வகுப்பு ஆங்கிலம் படித்த பிள்ளைகளுக்கு இந்தக் கதை மனப்பாடம். பாசத்தைப் பற்றிய பாடம் என்று ஆசிரியர்கள் நடத்தியிருப்பார்கள். குட்டியை அனாதையாக்கிய தோட்டாவும் அதே பாடத்தில்தான் இருக்கிறது.

1934-ல் பிறந்த டொனால்டுக்கு அப்பாவிடமிருந்து துப்பாக்கியும் காடும் சேர்ந்தே வந்தன. அப்பா பெரும்பாலும் ஆட்கொல்லிகளைப் பற்றி எழுதினார். மகனுக்கு வேட்டையே இன்பம். 2014-ல் இறப்பதற்கு முன், ஜோஷுவா மேத்யூ என்ற இளைஞரிடம் தன் நினைவுகளை அவர் சொல்லிவைத்தார். 'தி லாஸ்ட் ஒயிட் ஹன்டர்' என்ற பெயரில் 2018-ல் அது புத்தகமாக வந்தது.

ஆண்டர்சன் கதைகளில் ஆர்வத்தைத் தூண்டும் பாத்திரம் புலியல்ல, பைரா. ஒகேனக்கல் பக்கம் சின்னாற்றுக் காட்டில் வாழ்ந்த பூசாரி இனத்தவர். ஆண்டர்சன் அவரை முதலில் பார்த்தபோது நாட்டுத் துப்பாக்கியுடன் திருட்டு வேட்டைக்குக் காத்திருந்தார். பிறகு இருவரும் ஆயுள் நண்பர்களானார்கள். கால்தடம் பார்ப்பது, மிருகத்தின் போக்கைக் கணிப்பது எல்லாம் பைராவின் வித்தை. ஆனால் காகிதத்தில் லைசென்ஸ் வைத்திருந்தவர் ஆண்டர்சன். அதனால் அவர் வேட்டைக்காரர், இவர் திருடர். தன் காட்டில் முயலோ மானோ பிடித்துத் தின்ற மனிதனுக்குத்தான் சட்டம் முதலில் கை விலங்கு வைத்திருந்தது. இதை ஆண்டர்சன் உணராமல் இல்லை. பைராவைப் பற்றி எழுதும்போதெல்லாம் எஜமானத் தொனி போய், மரியாதை வந்துவிடுகிறது.

லைசென்ஸும் சீசனும் நமக்குப் புதிதல்ல. பறவைகளும் விலங்குகளும் இனம் பெருக்கும் மாதங்களில் வேட்டையைத் தடுக்க மாகாண அரசுகளுக்கு 1912-லேயே சட்டம் அதிகாரம் கொடுத்திருந்தது. நம் காட்டுக்கோழி பெரும்பாலும் மாசியிலிருந்து வைகாசிக்குள்தான் முட்டையிடும். தென்னிந்தியாவின் அந்தச் சாம்பல் நிறச் சேவலுக்குக் கழுத்து இறகே எமன். மெழுகுப் பொட்டு வைத்தாற்போன்ற அந்த இறகைத் தூண்டிலில் கட்டி மீன் பிடிப்பதில் ஐரோப்பியர்களுக்கு மோகம். கடலோ காடோ தெரியாத யாரோ ஒருவர் ஸ்காட்லாந்து ஆற்றில் சால்மன் பிடிக்க, நம் மலையடிவாரத்தில் சேவல் சாக வேண்டியிருந்தது.

தாளில் இருந்த கட்டுப்பாடு காட்டில் நிற்கவில்லை. ஜீப்பும் கண்ணைக் கூசவைக்கும் விளக்கும் வந்த பின் ராத்திரி வேட்டை சுலபமாயிற்று. ஆண்டர்சனின் பிற்கால எழுத்தில் காடு காலியாகிவருகிறதே என்ற புலம்பல் திரும்பத் திரும்ப வருகிறது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1974-ல் அவர் இறந்தார். அந்தச் சட்டத்திலும் சில விலங்குகளுக்கு லைசென்ஸ் வேட்டை மிச்சமிருந்தது. 1991 திருத்தம் அதையும் எடுத்துவிட்டது. தோலைப் பாடம் செய்வதில் உலகப் புகழ் பெற்ற மைசூர் வான் இங்கன் நிறுவனம் 1999-ல் மூடப்பட்டது.

1930களில் அமெரிக்காவில் காட்டு வான்கோழிகள் ஏறக்குறைய 2 லட்சம்தான். இன்று 60 லட்சத்தை ஒட்டி இருக்கின்றன. துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதித்த வரியை வனவிலங்குகளுக்கே செலவிட 1937-ல் அங்கே போட்ட சட்டத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு. வேட்டைக்காரரே காட்டைக் காப்பாற்றினார், இங்கும் அப்படிச் செய்தால் என்ன என்று கேட்பவர்கள் இதைத்தான் காட்டுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தியாவில் லைசென்ஸ் யார் பையில் இருந்தது, யார் பையில் இல்லை என்பதைப் பைராவின் கதை சொல்லிவிடுகிறது. தவிர, அங்கே காட்டைச் சுற்றி இத்தனை லட்சம் பேர் விவசாயம் செய்வதில்லை.

துப்பாக்கி இப்போது வேறு வழியாகத் திரும்பி வருகிறது. பயிரை அழிக்கும் காட்டுப் பன்றிகளைச் சுட, உள்ளூரில் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்களை அழைக்கும் அதிகாரத்தைக் கேரளம் 2022-ல் உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. மைசூர்க் கரும்பு வயலில் நடந்த அதே வேலைதான். அங்கே பன்றிக்கு வைத்த குறியில் கரடியும் விழுந்தது.