ஊசி போட்ட கை தூக்க முடியலையா? பில்லைத் தூக்கிப் போடாதீங்க

தாம்பரத்துல ட்ரெயின் ஏறி மேல கம்பியைப் பிடிக்கும்போது தோள்பட்டை சுரீர்னு இழுக்குதா? தடுப்பூசி போட்ட அன்னிக்கு ஆரம்பிச்ச வலி ரெண்டு மாசமாகியும் போகலைன்னா, அது சாதாரண ஊசி வலியா இருக்காது. கைச் சதையில இறங்க வேண்டிய ஊசியை ரொம்ப மேல, மூட்டுக்கிட்ட குத்திட்டா உள்ள வீக்கம் வந்து கையே தூக்க முடியாமப் போகலாம். பெரும்பாலும் பிரச்சனை மருந்துல இல்ல, குத்தின இடத்துல. (தடுப்பூசி போடாதீங்கன்னு நான் சொல்லல. கமெண்ட்ல சண்டைக்கு வராதீங்க.)

அமெரிக்காவுல இதுக்குத் தனி நிதியே இருக்கு. 1986-ல சட்டம் போட்டாங்க, தடுப்பூசி மேல விதிக்கிற வரியில இருந்து பணம் வருது. 2017-ல தோள்பட்டைக் காயத்தையும் பட்டியல்ல சேர்த்தாங்க. 48 மணி நேரத்துல வலி ஆரம்பிச்சு, மத்த நிபந்தனையும் பொருந்தினா, யார் தப்புன்னு நிரூபிக்க வேண்டியதில்ல.

இங்க? கோவிட் தடுப்பூசி மரண வழக்குல, நஷ்டஈடு வேணும்னா சிவில் கோர்ட்டுக்குப் போகலாம்னு 2022-ல மத்திய அரசு உச்ச நீதிமன்றத்துல சொல்லிடுச்சு. மாசச் சம்பளக்காரன் எத்தனை வருஷம் கோர்ட்டுக்கு அலைவான்? எனக்கு இது நியாயமாப் படல.

நமக்கு நடைமுறையில இருக்கிற வழி நுகர்வோர் ஆணையம். காசு கொடுத்துப் போட்ட ஊசின்னா மருத்துவமனை மேல புகார் கொடுக்கலாம். 1995-லயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிடுச்சு. உங்க கம்பெனி பணம் கட்டியிருந்தாலும் கேட்கலாம். எல்லாருக்கும் இலவசமாப் போடுற அரசு முகாம்னா இந்தக் கதவு மூடினதுதான். தாம்பரம், குரோம்பேட்டை ஆளுங்களுக்கு செங்கல்பட்டு மாவட்ட ஆணையம். நீங்க கட்டின தொகை 5 லட்சத்துக்குள்ள இருந்தா புகார் கட்டணம் கிடையாது. ஆனா 2 வருஷத்துக்குள்ள போடணும். இதுலதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க, "சரியாயிடும்"னு தைலம் தேய்ச்சே ஒரு வருஷம் ஓடிடும்.

கஷ்டமான பகுதி ஆதாரம். இங்க அலட்சியத்தை நீங்கதான் காட்டணும். அதனால வலி ஆரம்பிச்ச வாரமே எலும்பு டாக்டர்கிட்ட போய், எந்தக் கை, எந்தத் தேதி ஊசி, எப்ப வலி ஆரம்பிச்சதுன்னு சீட்டுல எழுதச் சொல்லுங்க. ஊசி சர்டிபிகேட், ஸ்கேன் ரிப்போர்ட், பிசியோதெரபி பில், சம்பளம் பிடிச்ச லீவு, எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல வைங்க. கம்பெனி இன்சூரன்ஸ் பார்த்துக்கும்னு நினைக்காதீங்க. அட்மிட் ஆகாம பார்க்கிற பிசியோ செலவை நிறைய பாலிசி தராது.

பத்து நாள்ல வலி போயிட்டா விட்டுடுங்க, அலைச்சல்தான் மிச்சம். மாசக்கணக்குல சம்பளம் போச்சுன்னா மட்டும், முதல்ல மருத்துவமனைக்கு ஒரு நோட்டீஸ் அனுப்புங்க.