பேர் யாருக்கு, அரைப்பேர் யாருக்கு?

நமது திருத்தங்கலுக்கு அப்பெயர் வந்ததற்குப் புராணிகர்கள் ஒரு கதை சொல்லுகிறார்கள். மகாவிஷ்ணுவின் தேவிமார்களுக்குள் யார் உயர்ந்தவள் என்ற சச்சரவு கிளம்பியதாம். ஸ்ரீதேவி வைகுண்டத்தை விட்டு வந்து இங்கே தங்கித் தவஞ்செய்து தன் உயர்வை ஸ்தாபித்தாளாம். "திரு" தங்கியதால் திருத்தங்கலாம். செல்வத்துக்கு அதிபதியே புருஷனிடம் மதிப்புப் பெறத் தவங்கிடக்க வேண்டியிருந்தது என்ற வேடிக்கை ஒருபுறமிருக்கட்டும். வராத ஒருத்தி வந்ததாகச் சொல்லி ஸ்தலபுராணமும் திருவிழாவும் வைத்திருக்கும் நாம், பழைய இராமநாதபுரம் ஜில்லாவிலிருந்து மெய்யாகவே கடல்தாண்டிப் போய்க் காட்டை நாடாக்கிய பெண்களுக்கு என்ன வைத்திருக்கிறோம் என்று கேட்கின்றோம்.

இலங்கையில் தேயிலையை உண்டாக்கியவர் யாரென்றால் ஜேம்ஸ் டெய்லர் என்பார்கள். 1867-ல் லூல்கந்துராவில் 19 ஏக்கரில் பயிரிட்டார் என்று கணக்கும் காட்டுவார்கள். அந்தக் காட்டைத் துரை தன் கையாலேயா வெட்டினார்? மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சி முதலிய ஜில்லாக்களில் பஞ்சத்துக்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பியவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, நூறு மைலுக்கு மேல் காட்டுவழியில் மாத்தளை வரை நடந்தார்கள். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டவர்கள் அநேகர்.

காப்பிக் காலத்தில் போனவர்களில் ஆண்களே மிகுதி என்பது உண்மைதான். ஆனால் 1869-ல் காப்பிச் செடியில் இலைநோய் கண்டு, பின் காப்பி அழிந்து தேயிலை வந்ததும் நிலைமை மாறிற்று. காப்பிப் பழம் பறிக்கச் சில மாதம் போதும். தேயிலைக் கொழுந்தோ வருஷமெல்லாம் துளிர்ப்பது. விடாமல் கிள்ளியாக வேண்டும். அதற்குப் பெண்களின் கை வேண்டியிருந்தது. பெண்கள் போன பிறகே அங்குக் குடும்பங்கள் நிலைத்தன, லயங்கள் ஊர்களாயின. ஆகவே அந்த மலையை நாடாக்கியவள் கூடை சுமந்த தமிழ்ப் பெண்ணே என்று தைரியமாய்ச் சொல்லுகிறோம்.

அவளுக்குக் கிடைத்ததென்ன? தோட்டத்தில் ஒரு நாள் கூலிக்குப் "பேர்" என்று பெயர். கொழுந்தின் நிறை குறைந்தால் "அரைப்பேர்" போடுவார்கள். 1927-ம் வருஷத்துக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்கீழ் உயர்ந்த மலைப்பகுதியில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். பெண்ணென்று மலைச்சரிவு தாழ்ந்து கொடுத்ததா? பெண்ணென்று அட்டை கடிக்காமல் விட்டதா? அந்த 43 சதமும் பல இடங்களில் புருஷன் கைக்கே போயிற்று. சமகூலி வந்தது 1984-ல்! 1948-ம் வருஷத்துப் பிரஜாவுரிமைச் சட்டமோ, தகப்பன் அங்கே பிறந்தானா, தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தார்களா என்றே கேட்டது. பெற்ற தாய் அந்த மண்ணிலே பிறந்திருந்தாலும், முறைப்படி மணந்தவளாயின் அவள் பிறப்பு கணக்கில் சேராது. தாயின் வழியாகவும் பிரஜாவுரிமை என்ற திருத்தம் வர 2003 ஆயிற்று.

இது கீழ்நாட்டு வழக்கம் மாத்திரமல்ல. அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராய லூயிஸ், கிளார்க் என்ற இருவர் 1804-ல் புறப்பட்டார்கள். வழியில் சேர்ந்த சக்காஜவியா என்னும் ஷோஷோனி இனப் பெண் இரண்டு மாதக் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு அவர்களுடன் நடந்தாள். படகு சாய்ந்தபோது மிதந்துபோன சாமான்களைக் காப்பாற்றினாள். மலையைக் கடக்கக் குதிரைகள் கிடைத்ததும் அவள் பேச்சாலும், அவளுடைய தமையன் அங்கே தலைவனாயிருந்ததாலுமே. 1806-ல் பயணம் முடிந்ததும் அவள் புருஷனுக்கு 500 டாலரும் 320 ஏக்கர் நிலமும் கொடுத்தார்கள். அவளுக்கு ஒரு காசும் இல்லை. 2000-ல் அவள் உருவத்தை ஒரு டாலர் நாணயத்தில் அச்சடித்தார்கள். உயிரோடிருக்கையில் கூலியில்லை, செத்த பிறகு காசில் படம்! நம்மவர் லட்சுமியைப் படத்தில் கும்பிட்டுவிட்டு வீட்டுப் பெண்ணுக்குச் சொத்தில்லை என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நிற்க, நம் வட்டாரத்துக்கு வருவோம். 1922-ல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த ஐயநாடார், சண்முக நாடார் இருவரையும் சிவகாசி மறக்கவில்லை, மறக்கவும் வேண்டாம். ஆனால் பெட்டி ஒட்டியும், கட்டை அடுக்கியும், சரம் பின்னியும் அத்தொழிலை வளர்த்த பெண்களில் ஒருத்தியின் பெயராவது யாருக்காவது தெரியுமா? வெடிவிபத்தில் மாண்டால்தான் அவள் பெயர் பத்திரிகையில் வருகிறது.

பெண்ணுக்கு வீடே கதி என்ற சாஸ்திரம், அவளைக் கப்பலேற்றும்போதும் மருந்தறைக்கு அனுப்பும்போதும் வாய்திறக்கவில்லை. கூலி கொடுக்கும்போதும் பெயர் எழுதும்போதுமே அது விழித்துக்கொள்கிறது. "புருஷன் பெயர் இருந்தால் போதாதா?" என்பவர்களைக் கேட்கின்றோம்: உங்கள் கூலியை உங்கள் மனைவி பெயரில் எழுதச் சம்மதிப்பீர்களா?

தோழர்களே! பாட்டனுக்குப் பாட்டன் பெயரைச் சொல்லும் நீங்கள், பாட்டியின் தாய் பெயரைச் சொல்ல முடியுமா? முதலில் வீட்டுக் கிழவிகளைக் கேட்டு அதை எழுதி வையுங்கள். கூலியை அவரவர் கையிலேயே கொடுக்கச் செய்யுங்கள். வீட்டையும் நிலத்தையும் அவள் பெயருக்கும் பதிவு செய்யுங்கள். பிறகு திரு தங்கினாளா, போனாளா என்று புராணிகரிடம் போய்க் கேட்க வேண்டிய அவசியமிராது.