குண்டு மெஷினா, வீடியோ கேம் பெட்டியா? வீட்டில் வைக்க எது லாயக்கு?

செஞ்சி காந்தி பஜாரில் நின்றுகொண்டு "பின்பால் தெரியுமா?" என்று போகிற வருகிறவர்களைக் கேட்டால், பாதிப் பேர் குண்டூசி விற்கிற கடையைக் கை காட்டுவார்கள். "வீடியோ கேம் தெரியுமா?" என்று கேட்டாலோ, கேட்டவரையே ஏற இறங்கப் பார்ப்பார்கள். "அது தெரியாத ஆள் யாரு சார் இருக்காங்க?"

நியாயம்தான். வீடியோ கேம் வீட்டுக்கு வீடு நுழைந்துவிட்டது. பின்பாலைச் சினிமாவில் பார்த்தவர்கள் உண்டு. கையால் தொட்டு ஆடியவர்கள் அபூர்வம்.

அப்படியானால் இந்தப் பேச்சு இப்போது எதற்கு? காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் கடைகளிலும் மதுக்கூடங்களிலும் காசு போட்டு ஆடிய பழைய மெஷின்களை வாங்கிக்கொண்டு வந்து வீட்டு ஹாலில் நிறுத்துகிற மோகம் வெளிநாடுகளில் பல வருஷமாக இருக்கிறது. ஒரு கூட்டம் "குண்டு உருளும் பின்பால்தான் அசல் சரக்கு" என்கிறது. இன்னொரு கூட்டம் "நின்று ஆடும் வீடியோ கேம் பெட்டிதான் உசத்தி" என்கிறது. இரண்டுக்கும் சண்டை ஓய்ந்தபாடில்லை.

அந்த மோகம் இங்கே வராது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. கிராமபோன், வால்வு ரேடியோ, அம்பாசிடர் கார் என்று பழைய சாமான் சேர்க்கிற ஆசை தமிழ்நாட்டிலும் உண்டு. சிங்கப்பூரிலும் துபாயிலும் சம்பாதித்து ஊரில் மாடி வீடு கட்டுகிறவர்கள், பூஜை அறைக்கு அடுத்தபடியாகப் பிள்ளைகளுக்கு விளையாட்டு அறை என்று ஒன்று போடச் சொல்கிறார்கள். அந்த அறையில் என்ன வைப்பது என்பதுதான் கேள்வி.

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். கையில் காசும் வீட்டில் இடமும் இருந்தால், குண்டு மெஷினை வாங்குங்கள். அதிலும் பழசாகப் பார்த்து வாங்குங்கள்!

சுத்தியலால் உடைத்த மேயர்

பின்பால் என்பது கண்ணாடி மூடிய, காலுள்ள ஒரு சாய்வு மேஜை. ஸ்பிரிங்கை இழுத்து விட்டால் இரும்புக் குண்டு மேலே பாயும். 27 மில்லிமீட்டர் குறுக்களவு, 80 கிராம் எடை. மேலே போன குண்டு கம்பத்தில் முட்டி, மணியில் மோதி, ரப்பரில் துள்ளிக் கீழே இறங்கும். குழியில் விழுவதற்குள் இரண்டு சின்னத் துடுப்புகளால் அதைத் தட்டி மறுபடி மேலே அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். கேட்பதற்கு ஒன்றுமில்லை. ஆடிப் பார்த்தவன் விடமாட்டான்.

இதன் பாட்டன் பிரான்சு நாட்டுப் பணக்காரர்கள் ஆடிய 'பேகட்டெல்' பலகை. அந்தப் பலகைக்கு ஸ்பிரிங் போட்டு 1871இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார் மாண்டேக் ரெட்கிரேவ். 1931இல் காட்லீப் என்பவர் கடை மேஜை மேல் வைக்கிற சின்னப் பெட்டியாக 'பேஃபில் பால்' என்று ஒன்றை விற்றார். அமெரிக்காவில் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய நேரம். ஒரு சென்ட் காசுக்குக் கொஞ்ச நேரம் கவலையை மறக்கலாம் என்றால் ஜனம் விடுமா? மொய்த்துவிட்டது. துடுப்பு வந்தது 1947இல். அதுவரை குண்டை விட்டுவிட்டுச் சாமியைக் கும்பிடுவதைத் தவிர ஆடுகிறவனுக்கு வேலை இல்லை.

அதனால்தான் வம்பும் வந்தது. "இது சூதாட்டம்" என்று 1942இல் நியூயார்க் நகரமே தடை போட்டது. மேயர் லாகார்டியா கையில் சுத்தியலை எடுத்து, பத்திரிகைக்காரர்கள் முன்னால் மெஷின்களை உடைத்தார். அந்தத் தடை 1976 வரை நீடித்தது. ரோஜர் ஷார்ப் என்கிற எழுத்தாளர் நகர சபையார் முன்னால் ஒரு மெஷினை வைத்து, "இதோ, குண்டு நடுப் பாதை வழியாகப் போகும் பாருங்கள்" என்று சொல்லி ஸ்பிரிங்கை இழுத்தார். சொன்னபடியே போனது. திறமை ஆட்டம்தான் என்று தடை நீங்கியது. அந்த ஒரு இழுப்பு அதிர்ஷ்டம்தான் என்று பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டாராம்!

ஆன்லைன் ரம்மி திறமையா, அதிர்ஷ்டமா என்று தமிழ்நாட்டில் நடந்த வழக்குகளைப் படித்தவர்களுக்கு இந்தக் கதை புதிதாகத் தோன்றாது. ஒரு வித்தியாசம் உண்டு. பின்பாலில் தோற்றவனுக்குப் போனது ஒரு சில்லறைக் காசு. ரம்மியில் போனது வீடு, வாசல், சில பேருக்கு உயிர்.

படம் எங்கேயும் போகவில்லை

1978இல் ஜப்பானிலிருந்து 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' வந்தது. 1980இல் 'பேக்மேன்' வந்தது. காசு போடுகிற கூட்டம் குண்டை விட்டுவிட்டுத் திரைக்குத் தாவியது. கடைக்காரனுக்கும் அதுதான் வசதி. குண்டு மெஷின் வாரத்துக்கு ஒரு தரம் மக்கர் பண்ணும். திரைப் பெட்டிக்குத் துணியால் துடைத்தால் போதும். குண்டு மெஷின் தொழிலில் முன்னணியில் இருந்த வில்லியம்ஸ் கம்பெனி 1999இல் அந்தப் பிரிவையே இழுத்து மூடியது.

வீடியோ கேம்மை மட்டம் தட்டத் தேவையில்லை. 'மரியோ'வும் 'கான்ட்ரா'வும் ஆடி வளர்ந்த பிள்ளைகள் இன்று பிள்ளை பெற்றுவிட்டார்கள். 2006 முதல் 2011 வரை அரசு கொடுத்த இலவச கலர் டி.வி.யில் கேசட் கேம் பெட்டியைச் செருகி ஆடியவர்களுக்கு, அந்தச் சத்தம் காதில் விழுந்தாலே லீவு நாள் ஞாபகம் வரும்.

ஆனால் காசு கொடுத்து வாங்குகிறவர் ஒன்றை யோசிக்க வேண்டும். வீடியோ கேம் பெட்டியில் கேம் எங்கே இருக்கிறது? மரத்திலா? கண்ணாடியிலா? இல்லை. உள்ளே ஒரு சின்னப் பலகையில் கணக்காக எழுதி வைத்திருக்கிறது. அந்தக் கணக்கை அப்படியே நகல் எடுத்து கம்ப்யூட்டரில் ஓட்டுகிற 'மேம்' என்ற மென்பொருள் 1997இலேயே வந்துவிட்டது. இன்று பையன் செல்போனிலேயே பேக்மேன் ஆடுகிறான். பழைய பேக்மேனில் 256ஆம் கட்டத்துக்குப் போனால் திரையில் பாதி அலங்கோலமாகிவிடும். அந்தக் கோளாறு உள்பட எல்லாம் நகலிலும் வரும்! பெட்டி இற்றுப் போனாலும் ஆட்டம் சாகாது.

குண்டு மெஷின் அப்படியில்லை. அதைச் செல்போனில் ஆடலாம், ஆனால் அது குண்டின் படம். குண்டு இல்லை. மேஜையை இடுப்பால் ஒரு இடி இடித்து, விழப்போகிற குண்டைத் திருப்புகிற வித்தை செல்போனில் வராது. அதிகமாக இடித்தால் 'டில்ட்' என்று மெஷினே கோபித்துக்கொண்டு ஆட்டத்தை நிறுத்திவிடும். உள்ளே தொங்குகிற ஒரு தூக்குக்குண்டு செய்கிற வேலை அது. கொத்தனார் சுவருக்குப் பிடிப்பாரே, அதே தூக்குக்குண்டுதான்.

மெஷின் போனால் இந்த ஆட்டமும் அதோடு போயிற்று. வீட்டில் இடம் கொடுத்துக் காப்பாற்ற வேண்டியது எது என்று இப்போது தெரிகிறதா?

காயில் கட்ட ஆள் இருக்கிறது

"வாங்கிட்டா போதுமா? ரிப்பேர் ஆனா அமெரிக்காவுக்கா தூக்கிட்டுப் போறது?" என்று கேட்பார்கள். சரியான கேள்வி. ஆனால் அங்கேதான் செஞ்சிக்காரர் ஜெயிக்கிறார்.

1970களின் பிற்பகுதி வரை வந்த குண்டு மெஷின்களில் சில்லு கிடையாது. துடுப்பை அடிக்க வைப்பது செம்புக் கம்பி சுற்றிய காயில். பொத்தானை அமுக்கினால் காயிலில் கரண்ட் பாயும். நடுவில் இருக்கிற இரும்புத் தண்டை அது இழுக்கும். தண்டு துடுப்பைத் திருப்பும். மற்றதெல்லாம் ரிலே, தொடுமுனை, பியூஸ், பல்பு, ரப்பர் வளையம்.

செஞ்சி சுற்றுவட்டாரம் நெல்லும் மணிலாவும் போடுகிற பூமி. பம்ப்செட் மோட்டார் எரிந்துபோனால் காயில் கட்டிக் கொடுக்கிற கடைகளை நம்பித்தான் இங்கே விவசாயமே நடக்கிறது. கம்பி என்ன கேஜ், எத்தனை சுற்று என்று பழசைப் பிரித்து எண்ணிப் பார்த்துப் புதுசு சுற்றுகிற கைகள் அவை. பின்பால் காயில் அவர்களுக்கு ஒரு டீ குடிக்கிற நேரத்து வேலை. தண்டு தேய்ந்தால் லேத் பட்டறை. குண்டு தொலைந்தால் பேரிங் கடை. அமெரிக்க மெஷின் 110 வோல்ட் கேட்கும், இங்கே வருவது 230. அதற்கு ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் போதும்.

வீடியோ கேம் பெட்டிக்கு வாருங்கள். அதன் உயிர் பழைய டி.வி. பிக்சர் ட்யூப். புது ட்யூபுக்குக் கடை கடையாக அலைய வேண்டும். ட்யூப் டி.வி. பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக்குகள் பலரும் செல்போன் ரிப்பேருக்கும் சி.சி.டி.வி. மாட்டுவதற்கும் போய்விட்டார்கள். வீட்டுக்காரரே பின்பக்கத்தைக் கழற்றலாம் என்றால், ஸ்விட்சை அணைத்த பிறகும் ட்யூபில் தங்கியிருக்கிற கரண்ட் ஆளைத் தூக்கி அடிக்கும். விளையாட்டு வினையாகிவிடும். ட்யூபைக் கழற்றிவிட்டு எல்.சி.டி. மாட்டினால் ஓடும். ஆனால் அப்புறம் அது அலமாரிக்குள் வைத்த கம்ப்யூட்டர்தானே?

கஷ்டமும் உண்டு

குண்டு மெஷின் 110 கிலோவுக்குக் குறையாது. ஆளுயரம் தாண்டி நிற்கும். மாடிப் படியில் ஏற்ற நாலு பேர் வேண்டும், கூட நிலை தெரிந்த ஒரு மேஸ்திரியும் வேண்டும். கல்யாண வீட்டு மேளம் மாதிரி சத்தம் போடும். சுவருக்குச் சுவர் ஒட்டிய வாடகை வீட்டில் ராத்திரி ஒன்பது மணிக்கு ஆடினால், பத்து மணிக்கு வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.

விலை? புது மெஷின் சாதாரண ரகமே ஏறத்தாழ 7,000 டாலர். ரூபாயில் 6 லட்சத்தைச் சாதாரணமாகத் தாண்டும். கப்பல் கூலி, சுங்க வரி தனி. அந்தக் காசுக்குக் கடையில் ஒரு வருஷச் சரக்கு போடலாம் என்று மனைவி சொன்னால் அதில் தப்பே இல்லை. பழசு விலை குறையும். வேலை கூடும். புது மெஷினில் சில்லும் திரையும் நிறைந்து கிடப்பதால், மேலே சொன்ன காயில் கடை வைத்தியம் அதற்கு முழுசாகச் செல்லாது.

பெரிய கஷ்டம் வேறு. வாங்கிய முதல் மாதம் சொந்தபந்தம் எல்லாம் வந்து ஆடும். மூன்றாவது மாதம் அதன் மேல் இஸ்திரித் துணி ஏறும். அப்படி நிற்கிற மெஷினில் ரப்பர் விறைக்கும், தொடுமுனையில் பாசி பிடிக்கும். ஆடிக்கொண்டே இருந்தால்தான் அது உயிரோடு இருக்கும். அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் நகரத்தில் பின்பாலுக்கென்றே ஒரு காட்சிக்கூடம் 2006 முதல் நடக்கிறது. அங்கே யாரும் 'தொடாதே' என்று தடுப்பதில்லை. காசு போட்டு ஆடு என்கிறார்கள்.

செஞ்சிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் மராட்டியர் காலத்துக் கோட்டைகள் 12 இடம்பிடித்தன. பதினொன்று மகாராஷ்டிரத்தில். பன்னிரண்டாவது செஞ்சி. ஊருக்கே பெருமைதான். ஆனால் களஞ்சியத்தில் நெல் இல்லை. ராஜகிரி உச்சியில் பீரங்கி இருக்கிறது, மருந்து கிட்டித்து வெடித்த கையின் பழக்கம் எப்போதோ போய்விட்டது. கல்லைக் காப்பாற்ற அரசாங்கம் இருக்கிறது. கைப்பழக்கத்தைக் காப்பாற்ற ஆட்டம் தெரிந்தவன் ஒருவன் இருந்தால்தான் உண்டு.

ஒரு செங்கல் போதும்

6 லட்சம் இல்லாதவர்கள் என்ன செய்வது? பாட்டன் இருக்கிறானே, பேகட்டெல்! ஆணி அடித்த பலகை, ஒரு ஸ்பிரிங், ஐந்தாறு கோலி. பொம்மைக் கடைகளில் பல வருஷம் விற்ற சரக்குதான். இன்று கடையில் கிடைக்காவிட்டால் தச்சரிடம் ஒரு பிளைவுட் துண்டைக் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் முடித்துவிடுவார். ஆணியை எங்கே அடிப்பது, எந்தக் குழிக்கு எத்தனை பாயின்ட் என்பதைப் பிள்ளைகளிடம் விட்டுவிட வேண்டும். சண்டை போட்டுக்கொண்டு அவர்களே முடிவு செய்வார்கள். பாதி ஆட்டம் அந்தச் சண்டையில்தான் இருக்கிறது.

சாய்வுதான் முக்கியம். பெரிய மெஷின்களுக்கு ஆறரை டிகிரி என்று கணக்கு. இரண்டேகால் அடி நீளப் பலகையென்றால் தலைமாட்டில் மூன்று அங்குலம் தூக்க வேண்டும். செங்கல் ஒன்றைப் படுக்க வைத்தால் சரியாக இருக்கும். கோலி ரொம்ப வேகமாக ஓடினால் செங்கல்லைக் கொஞ்சம் உள்ளே தள்ளாமல், கால்மாட்டில் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தைச் செருகிப் பாருங்கள்.