வாய் திறந்தால் கெட்டுவிடுமா?

“பையன் உள்ள இருக்கான். இப்பப் போயி மனு அது இதுன்னு எழுதிக் குடுத்தீங்கன்னா அவனத்தான் போட்டு அடிப்பாங்க. ரெண்டு நாளு பேசாம இருங்க, வந்துருவான்.”

ஒருவரை போலீஸ் பிடித்துக்கொண்டு போனால், அந்த வீட்டுக்கு முதலில் வந்து சேர்வது இந்த அறிவுரைதான். சொல்பவர் பெரியப்பாவாக இருப்பார், வார்டு கவுன்சிலராக இருப்பார், ஸ்டேஷனில் ஏட்டையாவைத் தெரிந்தவராக இருப்பார். சில வீடுகளில் வக்கீலே சொல்கிறார். நல்லெண்ணத்தில்தான் பலர் சொல்கிறார்கள். ஆனாலும் இது தவறு. கைதானவரின் உடம்புக்கும் உயிருக்கும் இதைவிடக் கேடான யோசனை இருக்க முடியாது.

இந்தப் பயம் காரணமில்லாமல் பிறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். கூலி வேலைக்குப் போகிற குடும்பம், ஊரில் ஒடுக்கப்பட்ட சாதி, ஏற்கெனவே ஒரு வழக்கு இருக்கிற பையன் என்றால் “இன்னொரு கேஸு சேத்துப் போட்டுருவேன்” என்ற மிரட்டல் வெறும் மிரட்டலாக நிற்பதில்லை. நாளைக்கும் அதே ஊரில், அதே ஸ்டேஷன் எல்லைக்குள்தான் பிழைக்க வேண்டும். பயப்படுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பயத்துக்கு மருந்தாக மௌனத்தை எழுதிக்கொடுக்கிறவர்களோடுதான் எனக்கு வழக்கு.

லாக்கப்பில் ஒருவரை அடிப்பதற்கு இரண்டு வசதி வேண்டும். எழுத்தில் இல்லாத சில மணி நேரம் வேண்டும்; வெளியே கேட்க ஆள் இல்லாமல் இருக்க வேண்டும். வீட்டார் வாய்மூடி இருந்தால் இந்த இரண்டையும் அவர்களே தாரை வார்த்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஊரடங்கில் கடை மூடும் நேரத்தை ஒட்டிய தகராறு. 19ஆம் தேதி மாலை தந்தையையும், அவரைத் தேடிப்போன மகனையும் ஸ்டேஷனில் வைத்துக்கொண்டார்கள். இரவு முழுக்க அடித்தார்கள் என்று அங்கே பணியில் இருந்த பெண் தலைமைக் காவலரே பின்னர் சாட்சி சொன்னார். மறுநாள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். இரத்தத்தில் நனைந்த லுங்கிகளுக்கு மாற்றாக வேறு லுங்கிகளை வீட்டார் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருந்ததாக அப்போது செய்திகள் வந்தன. அந்த நிலையிலும் சிறைக்கு அனுப்பத் தகுதியான உடல்நிலை என்று மருத்துவச் சான்று கிடைத்தது. மாஜிஸ்திரேட் ரிமாண்ட் உத்தரவும் கிடைத்தது. கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைத்தார்கள். 22ஆம் தேதி இரவு மகன் இறந்தார், 23ஆம் தேதி விடியற்காலை தந்தை இறந்தார்.

ஸ்டேஷன், மருத்துவமனை, நீதிமன்றம், சிறை. ஒவ்வொரு படியிலும் ஒரு தாள் எழுதப்பட்டது, ஒரு கையெழுத்து விழுந்தது. எல்லாத் தாளும் ஒரே தரப்பின் தாள். அந்த ஸ்டேஷனின் கேமரா பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை விசாரிக்கப் போன கோவில்பட்டி மாஜிஸ்திரேட் கண்டறிந்தார். ஊர் கொதித்து எழுந்து, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாகவே வழக்கை எடுத்த பிறகுதான் மறுபக்கக் கதை காகிதத்தில் ஏறியது. அதற்குள் இரண்டு உயிர் போயிருந்தது. துயரத்தில் நின்ற அந்தக் குடும்பத்தைப் பார்த்து யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. நான் கேட்பது, அதற்குப் பிறகும் அடுத்த வீட்டுக்கு “பேசாம இருங்க” என்று எப்படி நமக்குச் சொல்ல வருகிறது என்பதுதான்.

ரிமாண்ட் செய்யும் அந்தச் சில நிமிடங்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கைது செய்தவரைப் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு. விடுமுறை நாளென்றால் மாஜிஸ்திரேட்டின் வீட்டு வாசலிலேயே அது நடக்கும், சில நேரம் நள்ளிரவில். இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே பையன் நிற்கிறான். “அடிச்சாங்களா?” என்று கேட்டால் பக்கத்தில் நிற்பவரை ஒரு தடவை பார்த்துவிட்டு, “இல்லைங்கய்யா” என்கிறான். வேறென்ன சொல்வான்? வழியெல்லாம் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது அதைத்தானே. அந்த இடத்தில் அவன் அம்மா நின்றால், கூட ஒரு வக்கீல் நின்று “ஐயா, சட்டையைக் கழற்றிப் பார்க்க வேண்டும், காயத்தைப் பதிவு செய்ய வேண்டும்” என்று கேட்டால், நடப்பதே வேறு. கேட்ட பிறகு அதைக் குறிக்காமல் விடுவது எந்த மாஜிஸ்திரேட்டுக்கும் எளிதல்ல. குறித்துவிட்டால், பிறகு விழுகிற ஒவ்வொரு அடிக்கும் கணக்குக் கேட்க ஓர் ஆவணம் இருக்கிறது.

வீட்டார் அங்கே நிற்பதில்லை. “கோர்ட்டுக்கெல்லாம் வராதீங்க, நாங்க பாத்துக்கறோம்” என்று யாரோ சொல்லியிருப்பார்கள். போலீஸ் வண்டி எந்த நேரத்தில் எந்த மாஜிஸ்திரேட்டிடம் போகிறது என்பதே தெரியாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள்.

தெரியப்படுத்துவது போலீஸின் கடமை. கைதுக் குறிப்பு ஒன்று எழுத வேண்டும். அதில் குடும்பத்தார் ஒருவரோ ஊர்ப் பெரியவர் ஒருவரோ சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும். எங்கே வைத்திருக்கிறோம் என்று உறவினருக்குச் சொல்ல வேண்டும். 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் வகுத்த நெறிகள் இவை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 48ஆம் பிரிவு, உறவினருக்குத் தகவல் சொன்னார்களா என்று மாஜிஸ்திரேட் உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்கிறது. 53ஆம் பிரிவின்படி மருத்துவ அறிக்கையின் நகலைக் கைதானவரோ அவர் சொல்லும் ஆளோ பெறலாம். ஏழு ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களுக்கு எடுத்த எடுப்பில் கைது கூடாது, முதலில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்துச் சொன்னது. இவை யாவும் கேட்கிறவர்களுக்கே உயிர் பெறுகின்றன. கைதுக் குறிப்பின் நகலைக் கேட்காத வீட்டுக்கு அதை யாரும் தேடிக் கொண்டுவந்து தருவதில்லை.

இன்னொரு ஆறுதல் சொல்வார்கள்: “சப்-ஜெயிலுக்கு அனுப்பிட்டாங்கல்ல, இனிமே அடி கிடையாது.” இதை நம்பிக் குடும்பம் மூச்சு விடுகிறது. ஏற்கெனவே பட்ட அடி உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும் என்பதற்குக் கோவில்பட்டியே சாட்சி. அதோடு, புதிய சட்டம் போலீஸ் காவலுக்கான 15 நாட்களை ஒரே மூச்சில் எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில்லை. குற்றத்தின் கடுமையைப் பொறுத்து முதல் 40 அல்லது 60 நாட்களுக்குள் பிரித்துப் பிரித்துக் கேட்கலாம். சிறைக்குப் போனவரைத் திரும்ப ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக அந்த மனு எப்போது வருகிறது என்று கவனிக்க ஓர் ஆள் வேண்டும்.

சிறையில் இருப்பவரைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அழுவதற்கே போகிறார்கள். அழுகை வரத்தான் செய்யும். ஆனால் அந்தச் சில நிமிடம் வேறு ஒன்றுக்கும் வேண்டும். நடந்து வரும்போது காலை இழுக்கிறானா, உட்காரத் தயங்குகிறானா, கை விரல்களை மடக்க முடிகிறதா, சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா என்று பாருங்கள், கேளுங்கள். சர்க்கரை நோய்க்கோ வலிப்புக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் மருத்துவரின் சீட்டோடு சிறைக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். வழக்கைப் பற்றி மட்டும் அங்கே பேச வேண்டாம், அது வக்கீலிடம் பேச வேண்டியது. பார்த்துவிட்டு வந்ததும் தேதி, மணி, கண்ணில் பட்டது எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

மௌனத்தின் கேடு அடி வாங்குவதோடு முடிவதில்லை, நாட்களையும் தின்கிறது. பத்தாண்டுக்குக் குறைவான தண்டனையுள்ள குற்றங்களில் 60 நாளுக்குள், அதற்கு மேற்பட்டவற்றில் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை என்றால் ஜாமீன் பெறுவது கைதானவரின் உரிமை. அந்த உரிமை தானாகக் கதவைத் திறந்துவிடாது. நாள் முடிந்ததும் மனு போட வேண்டும்; போடுவதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் வாய்ப்பு போயிற்று. “பேசி முடிச்சுடலாம்” என்று இடைத்தரகர் சொன்னதை நம்பி நாள் எண்ணாமல் இருந்த வீடுகள் இப்படித்தான் அதை இழக்கின்றன. இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். 2022ஆம் ஆண்டு முடிவில் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் எண்ணியபடி 5,73,220 பேரில் 4,34,302 பேர். இவர்கள் மீது இன்னும் தீர்ப்பு எழுதப்படவில்லை. “உள்ள போயிட்டான்னா ஏதோ செஞ்சிருப்பான்” என்று அண்டை வீட்டார் சொல்வது இவர்களைப் பற்றித்தான்.

ஜாமீன் கிடைத்த பிறகும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளேயே கிடப்பவர்கள் உண்டு. ரேஷன் கார்டும் வீட்டு வரி ரசீதும் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட முன்வருகிற இரண்டு பேரை ஓர் ஏழைக் குடும்பம் எங்கே தேடும்? இங்கேதான் கூலிக்கு ஜாமீன் நிற்கிற ஆட்களுக்குக் கடன் வாங்கிப் பணம் கொடுக்கிறார்கள். 1978இல் மோதி ராம் என்ற கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டு, அவர் சகோதரர் வேறு மாவட்டத்துக்காரர் என்று தள்ளிய மாஜிஸ்திரேட்டை நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் கடுமையாகச் சாடினார்; 1,000 ரூபாய்க்குச் சொந்தப் பிணை போதும் என்றார். 2023 ஜனவரி 31இல் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது: ஜாமீன் உத்தரவு வந்து ஏழு நாளில் ஒருவர் வெளியே வரவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதம் ஆனால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றமே பார்க்கலாம். இதைத் தெரிந்த குடும்பம் நினைவூட்டி ஒரு கடிதம் எழுதும். தெரியாத குடும்பம் வட்டிக்கு வாங்கும்.

“எழுதிக் கொடுத்தால் பழி வாங்கமாட்டார்களா?” சிலர் வாங்குவார்கள். வாங்கமாட்டார்கள் என்று நான் உறுதி தரப்போவதில்லை. ஆனால் யார் பெயரும் காகிதத்தில் இல்லாத இடத்தில் பழி வாங்குவது எளிது. எஸ்.பி.க்கும், மனித உரிமை ஆணையத்துக்கும், மாஜிஸ்திரேட்டுக்கும் ஒரே நாளில் புகார் போன பிறகு அதே பையனின் கையை உடைப்பவர், தன் பெயரைத் தானே எழுதிக்கொடுக்கிறார். விவரம் தெரிந்தவர்கள் ஒரு காலத்தில் முதலில் ஓடியது தந்தி ஆபீசுக்குத்தான். “என் கணவரை இன்று காலை இத்தனை மணிக்கு இன்ன ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார்கள்” என்று அடித்த தந்தியில் இருக்கும் தேதியும் நேரமும், ஸ்டேஷன் ஏட்டில் பிறகு எழுதப்படும் கைது நேரத்தைப் பொய்யாக்கிவிடும். 2013 ஜூலையில் தந்தி நின்றுபோனது. அந்த வழக்கமும் அதோடு நின்றுவிட்டது பெரிய இழப்பு. இன்று மின்னஞ்சல், பதிவுத் தபால், எல்லாக் கையிலும் கைபேசி என்று வசதி பெருகியிருக்கும்போது நாம் முன்னைவிட வாயை இறுக்கிக்கொண்டிருக்கிறோம்.

இந்த நாட்டில் கைதிகளுக்கு இருக்கும் பாதுகாப்புகளில் பல, பேசாமல் இருக்க மறுத்தவர்கள் வாங்கித் தந்தவை. டி.கே. பாசு வழக்கு ஒரு கடிதத்தில் தொடங்கியது. ஒடிசாவில் போலீஸ் காவலில் இருந்த மகன் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தபோது நீலாபதி பெஹரா என்ற தாய் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. 1993இல் அரசு 1,50,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. கம்மாபுரத்தில் 1993இல் காவலில் காணாமல் போன ராஜாக்கண்ணுவின் மனைவி, கணவரை ஒப்படைக்கச் சொல்லி உயர் நீதிமன்றப் படியேறினார். பல ஆண்டு கழித்துக் காவலர்கள் தண்டிக்கப்பட்டார்கள். இந்த வழக்கை ஒட்டி எடுத்த ‘ஜெய் பீம்’ படத்தில் அந்தப் பெண்ணின் பிடிவாதத்தைப் பார்த்துக் கண்கலங்கியவர்கள் லட்சக்கணக்கில். அவர்களில் எத்தனை பேர் தங்கள் தெருவில் ஒருவர் கைதானபோது “நமக்கெதுக்கு வம்பு” என்றார்களோ!

வாய் திறப்பது என்றால் ஸ்டேஷன் வாசலில் சத்தம் போடுவது என்று பொருள் கொள்ள வேண்டாம். அது இன்னொரு வழக்கைத்தான் கொண்டுவரும். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். நடக்காததை நடந்ததாகச் சொல்ல ஆள் தேடாதீர்கள். எழுத்தில் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

வக்கீலுக்குப் பணமில்லை என்று தயங்க வேண்டியதில்லை. காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச வக்கீல் தர வேண்டும் என்கிறது 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம். தேசியச் சட்டப் பணிகள் ஆணையத்தின் உதவி எண் 15100. அந்த எண்ணை இப்போதே கைபேசியில் பதிந்து வையுங்கள். பக்கத்து வீட்டில் ஒருவர் கைதானால், “பேசாம இருங்க” என்று சொல்வதற்குப் பதில் அந்த அம்மாவோடு மாஜிஸ்திரேட் கோர்ட் வரைக்கும் துணைக்குப் போங்கள்.